கழுத்து நோவும் கைம்முறை வைத்தியமும்

தொண்டை நாட்டிலே, கமண்டல நாகநதியின் கரையில் அமைந்துள்ள ஆரணி என்னும் நகரம் இரண்டு பொருள்களாற் பெயர் பெற்றது. ஒன்று அரிசி, மற்றொன்று பட்டு. வரலாறு பயிலும் மாணவர் 1751-ஆம் ஆண்டிலும் 1782-ஆம் ஆண்டிலும் அவ்வூர்ப் புறத்தே நிகழ்ந்த போர்களை நினைவிற் கொண்டிருப்பர். ஆயினும் அவ்வூரார் நாள்தோறும் நினைப்பது கிளைவையும் ஹைதரையும் அன்று, பாவையும் ஊடையையுமே. நகரின் வீதிகளிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு முதலிய சுற்றூர்களிலும் தறியோசை கேட்கும் தெருக்கள் இன்றும் பல உள. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுள் ஒன்று. அப்பட்டின் மேன்மையைக் குறித்து எழுதுவோர் பலர். அதனை நெய்பவரின் கழுத்தைக் குறித்து எழுதுவோர் அரியர். இக்கட்டுரை அக்கழுத்தைப் பற்றியது.

குழித்தறியில் அமர்ந்து நெய்பவரின் இருக்கையைச் சற்றே நோக்குக. தரையில் வெட்டிய குழியுள் கால்கள் இறங்கி மிதிகளை மிதிக்கின்றன. ஒரு கை நாடாவை ஓட்டுகின்றது. மற்றொரு கை பலகையை இழுத்து ஊடையை நெருக்குகின்றது. கண்களோ நெய்யும் இடத்தை விட்டு அகலுவதில்லை. ஓர் இழை அறுந்தால் அதனை அப்பொழுதே கண்டு முடிச்சிடல் வேண்டும். ஜரிகைப் பூ ஒன்று தவறினாற் சேலை முழுவதும் விலை குன்றும். ஆதலின் தலை முன்னோக்கிக் கவிந்தே நிற்கும். மனிதனுடைய தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுள்ளது. நிமிர்ந்திருக்கும்பொழுது அந்நிறை முதுகெலும்பின்மேல் நேரே அமர்கின்றது. கவிந்தபொழுதோ கழுத்தின் பின்புறத் தசைகளே அதனை இழுத்துப் பிடிக்க வேண்டியனவாகின்றன. நீர்க்குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நடப்பவளையும், அதே குடத்தைக் கைநீட்டிப் பிடித்து நிற்பவளையும் ஒப்பிட்டால் இவ்வேறுபாடு விளங்கும். இவ்வாறு நாளொன்றுக்கு எட்டு மணி, பத்து மணி என்று இருபது முப்பது ஆண்டுகள் தறியில் அமர்ந்தவருக்குக் கழுத்து நோவாதிருத்தலே வியப்பாகும்.

கழுத்து நோவு தறிக்காரருக்கே உரியதன்று. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 20 கோடிக்கு மேற்பட்ட மக்கள் இந்நோவு உடையவராயிருந்தனர் என்று ஆராய்ச்சியாளர் கணித்துள்ளனர். மூன்று மாதங்களுக்கு மேலாகியும் நீங்காத நோவை மருத்துவர் நாட்பட்ட நோவு என்பர். எழுத்தரும், தையற்காரரும், தேர்வுக்குப் படிக்கும் மாணவரும், கைப்பேசியைக் குனிந்து நோக்கியவாறே காலங்கழிப்பவரும் இவ்வரிசையில் உளர். எனினும் எழுத்தர் ஒரு நாள் விடுப்பெடுத்தால் அவர் சம்பளம் குறைவதில்லை. சேலைக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் நெசவாளருக்கோ, தறி நின்ற நாள் வருவாய் நின்ற நாள். ஆகையால், எந்த வைத்தியம் செய்துகொள்ளத்தக்கது, எது தகாதது என்னும் வினா அவர் குடும்பத்தின் அடுப்படி வரையிற் செல்லும் வினாவாகும்.

அண்மைக் காலத்தில் இவ்வினா ஒரு புதிய உருவில் எழுந்துள்ளது. கைப்பேசியில் ஒரு காட்சி ஓடுகின்றது. வெண்ணிற உடையணிந்த ஒருவர், படுக்கையிற் கிடக்கும் நோயாளியின் தலையை இரு கைகளாலும் பற்றி ஒருபுறமாகச் சட்டெனத் திருப்புகின்றார். 'மடக்' என்னும் ஓசை எழுகின்றது. நோயாளி முதலில் திடுக்கிட்டு, பின்பு முகம் மலர்கின்றார். இதனைக் கண்ட நெசவாளர் வீட்டு இளைஞர், "அப்பாவைச் சென்னைக்கு அழைத்துச் சென்று இதனைச் செய்வித்தால் என்ன?" என்று கேட்கின்றனர். கேட்பது நியாயமே. விடையும் ஆராய்ந்து கூறத்தக்கதாயிருத்தல் வேண்டும்.

அக்காட்சியிற் காணும் முறைக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். அமெரிக்க நாட்டின் அயோவா மாநிலத்தில் டாவன்போர்ட் என்னும் நகரில், டானியல் டேவிட் பால்மர் என்பவர் 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இதனைத் தொடங்கினார். அவர் முன்னர்க் காந்த வைத்தியம் செய்துவந்தவர். தாம் இருந்த கட்டடத்திற் பணிபுரிந்த ஹார்வி லில்லர்டு என்பவருக்குச் செவி மந்தமாயிருந்ததென்றும், அவர் முதுகிற் புடைத்திருந்த எலும்பொன்றைத் தாம் கையால் அழுத்தி நேர்ப்படுத்தவே செவி கேட்கலாயிற்றென்றும் பால்மர் கூறினார். புதிய முறைக்குப் பெயர் சூட்டித் தந்தவர் சாமுவேல் வீடு என்னும் போதகர். கை, செயல் என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து அப்பெயரை அமைத்தார். 1897-இல் பால்மர் இதற்கென ஒரு பள்ளியையும் நிறுவினார். முதுகெலும்பின் முள்ளெலும்புகள் சிறிது நிலைபிறழ்ந்து நரம்புகளைத் தடுப்பதாலேயே நோய்களிற் பெரும்பாலானவை உண்டாகின்றன என்பது அவர் கொள்கை.

உடற்கூற்றியல் கற்ற மாணவன் இங்கே ஓர் ஐயம் எழுப்புவான். செவியினின்று மூளைக்குச் செல்லும் நரம்பு மண்டையோட்டினுள்ளேயே இருப்பது. முதுகெலும்பின் வழியே செல்வதன்று. முதுகில் அழுத்தினாற் செவி திறப்பது எங்ஙனம்? இவ்வையத்திற்குத் தக்க விடை இன்றளவும் கிடைக்கவில்லை. பிரித்தானிய நாட்டில் இத்தொழிலினரைப் பதிவுசெய்து மேற்பார்வையிடும் மன்றமே, நிலைபிறழ்ந்த முள்ளெலும்பு நோய்க்குக் காரணம் என்னும் கொள்கை பழைய வரலாற்றைச் சார்ந்ததென்றும், அதற்கு ஆராய்ச்சிச் சான்று இல்லையென்றும் 2010-ஆம் ஆண்டில் அறிவித்தது. தொழிலினர் அனைவரும் இதனை ஒப்புக்கொள்வதில்லை. பால்மரின் பழங்கொள்கையை விடாது பற்றியிருப்போரும், முதுகு கழுத்து நோவுகளுக்கு மட்டும் வைத்தியம் செய்வோரும் என அவர் இரு பிரிவினராய் உளர்.

ஆனால் ஒன்று கூறவேண்டும். ஒரு முறையின் பழங்கொள்கை பொய்யாயிருப்பதனாலேயே அம்முறையின் செய்கை பயனற்றதென்று துணிந்துவிடல் ஆகாது. சமையலறையில் நம் பாட்டிமார் கூறிய காரணங்களிற் பல பிழை. அவர்கள் கொடுத்த கஷாயங்களிற் சில பயனுடையன. அமெரிக்க மருத்துவச் சங்கம் நெடுங்காலம் இத்தொழிலினரோடு தம் உறுப்பினர் உறவு கொள்ளலாகாதெனத் தடுத்துவந்தது. அது சட்டத்திற்கு மாறான செயல் என்று 1987-ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அமெரிக்காவின் மாநிலங்கள் எல்லாவற்றிலும் இது பல்லாண்டு கற்று உரிமம் பெற்றுச் செய்யும் தொழிலாகும். நம் நாட்டிலோ இதற்கெனச் சட்டப்படி அமைந்த பதிவு மன்றம் இல்லை. வெளிநாட்டில் முறையாகப் பயின்றவரும், சில நாட் பயிற்சியோடு பலகை மாட்டிக்கொண்டவரும் ஒரே பெயரால் வழங்கப்படக்கூடிய நிலை இது. இவ்வொரு செய்தியை நம்மவர் முதற்கண் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி அந்த ஓசைக்கு வருவோம். காட்சியைக் காண்போர் மனத்தைக் கவர்வது அதுவே. 'எலும்பு தன் இடத்தில் அமர்ந்துவிட்டது' என்று அவர்கள் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. மூட்டுகளினுள்ளே வழுவழுப்பான நீர் உண்டு. அந்நீரிற் காற்று கரைந்திருக்கும். மூட்டின் இரு பரப்புகளும் விரைவாகப் பிரியும்பொழுது அழுத்தம் குறைந்து, அந்நீரில் ஒரு வெற்றிடக் குமிழி தோன்றுகின்றது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-ஆம் ஆண்டில், விரல் மூட்டினைக் காந்த அலைக் கருவியினுள் வைத்து இழுத்து, ஓசை எழும் கணத்தே அக்குமிழி தோன்றுவதைப் படமாகவே எடுத்துக் காட்டினர். நாம் காலையில் எழுந்து விரல்களைச் சொடக்கெடுக்கும்பொழுது நிகழ்வதும் இதுவே. விரலிற் சொடக்கெடுத்தபின் 'என் விரலெலும்பு இடம்பெயர்ந்திருந்தது. இப்பொழுது சேர்ந்தது' என்று எவரும் சொல்வதில்லை. கழுத்தில் அதே ஓசை எழுந்தால் மட்டும் அவ்வாறு கூறுகின்றனர். திருப்பிய பின் சிறிது நேரம் இறுக்கம் தளர்ந்து இலேசாகத் தோன்றுவது உண்மை; எலும்பு இடம் பெயர்ந்து சேர்ந்தது என்பதுதான் உண்மையன்று.

கழுத்தை நெட்டி முறிப்பது நமக்குப் புதிதுமன்று. முடிதிருத்துவோர் தலையைப் பிடித்துவிட்டு, கேளாமலே இருபுறமும் ஒரு திருப்புத் திருப்புவது நம் ஊர்களில் நெடுநாள் வழக்கம். சித்த வைத்தியத்திலே தொக்கணம் என்னும் மர்த்தன முறை ஒன்பது வகையாகப் பகுத்துக் கூறப்பட்டுள்ளது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல், அசைத்தல் முதலியன அதனுள் அடங்கும். எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குச் செல்வதும் வடார்க்காட்டுப் பக்கத்தார் நன்கறிந்ததே. ஆகவே கையால் நோவைத் தீர்க்கலாம் என்னும் நம்பிக்கை அமெரிக்காவினின்று இறக்குமதியானதன்று. புதியது, அதற்கு இடப்பட்ட பெயரும் அதற்குரிய கட்டணமுமே.

இவ்வைத்தியங்களாற் குணமடைந்தோம் என்று சத்தியம் செய்வோர் எங்கும் உளர். அவர்கள் பொய்யுரைப்பவரல்லர். ஆயினும் அவர்தம் சான்று போதாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. நாட்பட்ட கழுத்து நோவு ஒரே அளவாய் நிற்பதில்லை. ஆற்று வெள்ளம் போல ஏறியும் இறங்கியும் வருவது. நோவு இலேசாயிருக்கையில் எவரும் வைத்தியரைத் தேடுவதில்லை. பொறுக்கமுடியாத அளவுக்கு ஏறியபின்னரே தேடுகின்றனர். வெள்ளம் கரையைத் தொட்ட நாளிற் கரையில் ஒரு கல்லை நட்டு வைத்தால், மறுநாள் நீர் வடியும். கல்லாலன்று, வடியும் காலம் வந்தமையால். கல் நட்டவனுக்கோ அக்கல்லின்மேல் அசையாத பக்தி பிறந்துவிடும். ஆங்கில மருந்துக்கும், எண்ணெய்த் தேய்ப்புக்கும், கழுத்துத் திருப்பலுக்கும் இவ்விதி பொது.

இத்தகைய மயக்கத்தை நீக்கவே ஒப்புநோக்குப் பரிசோதனைகள் செய்யப்படுகின்றன. ஒரே வகை நோவுடையோரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது போலப் பிரித்து, ஒரு சாராருக்கு ஒரு வைத்தியமும் மற்றொரு சாராருக்கு வேறொன்றும் அளித்து, பல மாதம் நோக்கியிருப்பர். வெள்ளம் தானே வடிவதாயின் இரு சாராருக்கும் ஒப்பவே வடியும். மிஞ்சிய வேறுபாடே வைத்தியத்தின் பயன்.

கழுத்து நோவைப் பற்றி இவ்வாறு நடந்த பரிசோதனைகள் பல. அவற்றை விளங்கிக்கொள்ள இரண்டு செய்கைகளை வேறுபடுத்திக்கொள்வோம். மூட்டினை அதன் எல்லைவரை கொண்டுசென்று அங்கே சட்டென ஒரு தள்ளுத் தள்ளுவது சடுதித் திருப்பல். ஓசை எழுவது இதனாலே. தள்ளாமல், நோயாளி வேண்டியபோது நிறுத்தக்கூடியவாறு மெல்ல மெல்ல அசைத்துக் கொடுப்பது மென்னசைவு. இயன்முறை மருத்துவர் பெரும்பாலும் செய்வது இது. 2015-ஆம் ஆண்டில் காக்ரேன் என்னும் ஆராய்ச்சிக் குழுவினர் 51 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். கழுத்தைச் சடுதியாகத் திருப்புவதும் மெல்ல அசைப்பதும் ஏறத்தாழ ஒரே பயனைத் தருகின்றன என்பது அவர் கண்ட முடிவுகளுள் தலையாயது. சான்றுகளின் தரமும் பெரும்பாலும் உயர்ந்ததன்று என்று அவர்களே குறித்தனர். ஓசையில்லாத மெல்லிய செய்கையும் ஓசையுள்ள வன்மையான செய்கையும் ஒரே அளவு பயன் தருமாயின், ஓசைக்காகப் பொருள் செலவிடுவது எதற்கு?

இன்னும் இரண்டு பரிசோதனைகளைக் கூறவேண்டும். இரண்டும் அமெரிக்காவில் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஒரே ஆராய்ச்சிக் குழுவினர் நடத்தியவை. அக்குழுவினர் கைரோபிராக்டிக் கற்பிக்கும் கல்வி நிலையத்தினர் என்பது கருதத்தக்கது. தம் தொழிலுக்கு எதிராக வேண்டுமென்றே எழுதினர் என்று எவரும் அவரைக் குறைகூற இயலாது. முதலாவது 2001-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நாட்பட்ட கழுத்து நோவுடைய 191 பேரை மூன்று சாராராகப் பிரித்து, ஒரு சாராருக்குத் திருப்பல் மட்டும், இன்னொரு சாராருக்குத் திருப்பலோடு உடற்பயிற்சி, மற்றொரு சாராருக்குக் கருவியின் துணையால் உடற்பயிற்சி என அளித்தனர். பின்னர்த் தொடர்ந்து நோக்கியபொழுது, பயிற்சி செய்த இரு சாராரும் திருப்பல் மட்டும் பெற்றவரைவிட நோவு குறைந்தவராயிருந்தனர். இரண்டாவது 2012-ஆம் ஆண்டினது. இதிற் கலந்துகொண்ட 272 பேரும் நோவு தோன்றி இரண்டு முதற் பன்னிரண்டு வாரமே ஆனவர். ஆகவே நம் நெசவாளர் நிலைக்கு இது முழுதும் பொருந்தாது. இதில் திருப்பல் மருந்தைவிட நன்மை செய்தது என்பதை மறைக்கலாகாது. ஆனால் இரண்டே முறை கற்றுக்கொடுத்து வீட்டிற்கு அனுப்பிவைத்த எளிய பயிற்சியும் திருப்பலோடு ஒத்த பயனையே தந்தது.

ஆகவே பயன் உண்டா என்று கேட்பவருக்கு, சிறிது உண்டு, சில நாளைக்கு உண்டு என்பதே நேர்மையான விடை. வேறு எதனாலும் கிடைக்காத பயன் உண்டா என்று கேட்டால், இல்லை என்றே கூறவேண்டும்.

இனித் தீங்கைப் பற்றி. திருப்பலுக்குப்பின் ஓரிரு நாள் உடல்வலியோ தலைவலியோ தோன்றுவது அடிக்கடி நிகழ்வது, தானே தீரும். அஞ்சத்தக்கது வேறொன்று. கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள. அவற்றின் இருபுறத்துத் துளைகளின் வழியே, ஆறாவது எலும்பு தொடங்கி முதலாவது எலும்பு வரையில், பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு இரத்தக் குழாய்கள் ஏறிச்சென்று மூளையின் பின்பாகத்திற்குக் குருதி அளிக்கின்றன. முதலெலும்பைக் கடக்கும் இடத்தில் அக்குழாய் வளைந்து செல்கின்றது. தலையைக் கடுமையாகத் திருப்பும்பொழுது அவ்விடத்தில் உட்சுவர் கிழிந்தால், குருதி உறைந்து மூளைக்கு ஏறிப் பாரிசவாதம் உண்டாகலாம். இது மிக மிக அரிது. அன்றியும், காரணம் திருப்பல்தானா என்பதிலேயே வழக்கு உண்டு. கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இவ்வகைப் பாரிசவாதமுற்ற 818 பேரை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அந்நோய்க்கு முன் கைரோபிராக்டிக் வைத்தியரிடம் சென்றமைக்கு உள்ள தொடர்பு சாதாரண மருத்துவரிடம் சென்றமைக்கும் உண்டெனக் காணப்பட்டது. அஃதாவது, குழாய் முன்னரே கிழியத் தொடங்கிக் கழுத்து நோவு கொடுக்க, அந்நோவுக்காகவே அவர்கள் வைத்தியரை நாடியிருக்கலாம். அமெரிக்க இதயச் சங்கத்தார் 2014-இல் இருபக்கச் சான்றுகளையும் எடைபோட்டு, திருப்பலே காரணம் என நிறுவப்படவில்லை, ஆயினும் தொடர்பு காணப்படுவதால் திருப்புமுன் நோயாளிக்கு இதனைச் சொல்லிவிடல் வேண்டும் என்றனர். முடிதிருத்துமிடத்திற் கேளாமற் கழுத்தைத் திருப்புபவர் எதனைச் சொல்கின்றார்? அங்கே 'வேண்டாம்' என்று ஒரு சொற் சொல்வதற்கு நாம் கூசவேண்டுவதில்லை.

அரிதாயினும் பெரிதான தீங்கையும், சிறிதாயினும் வேறிடத்திற் கிடைக்கும் பயனையும் தராசில் வைத்தால் தட்டு எப்பக்கம் தாழும் என்பது வெளிப்படை. இது நம் கருத்து.

சிலர் எவ்வித ஐயமுமின்றித் திருப்பலைத் தவிர்க்கவேண்டியவர். கைகளில் மரமரப்போ வலுவின்மையோ உடையவர், இழை முடிச்சிடுகையில் விரல் முன்போல் இயங்காமற் சோர்பவர், நடை தள்ளாடுபவர், சிறுநீர் கழிப்பதில் தடுமாற்றம் கண்டவர், இவர்களுக்குத் தண்டுவடமோ நரம்போ அழுந்தியிருக்கக்கூடும். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் கழுத்து நோவோடு சேர்ந்திருந்தால், முள்ளெலும்பைக் காசநோய் பற்றியுள்ளதோ என ஆராய வேண்டும். நம் நாட்டில் அது அரிய நோயன்று, மருந்தாற் குணமாவது, ஆனால் அரிக்கப்பட்ட எலும்பைத் திருப்பினால் விளைவது பெருங்கேடு. முடக்குவாதம், எலும்பு நலிவு உடையவரும், குருதி உறையாதிருக்க மருந்துண்பவரும், விழுந்து அடிபட்டவரும் இவ்வரிசையினரே. முன்னறியாத கடுந்தலைவலியோடு தலைச்சுற்றலும், பார்வை இரட்டையாகத் தோன்றுதலும், நாக்குழறலும் திடீரெனச் சேர்ந்து வந்தால், அன்று போகவேண்டிய இடம் பெரிய மருத்துவமனையே.

இதற்கு மறுதலையாக, 'தேய்மானம்' என்னும் ஒரு சொல்லைக் கேட்டுக் கலங்கிப்போகிறவரும் உளர். படமெடுத்துப் பார்த்தபின் 'கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது' என்று சொல்லக் கேட்டவர், தறித்தொழிலையே விட்டுவிடவேண்டுமோ என மனமுடைகின்றனர். ஜப்பானில் கழுத்து நோவு முதலிய குறிகள் எவையும் இல்லாத 1,211 பேரின் கழுத்தைக் காந்த அலைக் கருவியாற் படமெடுத்து 2015-இல் வெளியிட்டனர். அவருள் 87 விழுக்காட்டிற்கு மேற்பட்டவர்க்கு எலும்பிடை வட்டு பிதுங்கியிருந்தது. தலை நரைப்பது போல வட்டும் நலிகின்றது. நரைத்த தலைகளெல்லாம் நோவதில்லை.

இப்பொழுது ஆரணிக்குத் திரும்பிக் கணக்குப் போடுவோம். கைரோபிராக்டிக் வைத்தியரைத் தேடுவோர் சென்னைக்கோ பெங்களூருக்கோ செல்லவேண்டியிருக்கும். ஆரணியினின்று சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர். ஒருமுறை சென்றுவருவதற்கு ஒரு நாள் கழியும். வாரத்திற்கு இருமுறையாகச் சில வாரம் வரச் சொல்வதே வழக்கம். பன்னிரண்டு முறை என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு நாள் தறி நிற்கின்றது. உடன் தறியில் உதவும் ஆளுக்கும் வேலை நிற்கின்றது. ஒரு பட்டுச் சேலை தறியினின்று இறங்கவேண்டிய காலம் பேருந்திலேயே கழிந்துவிடும். கட்டணமும் போக்குவரத்துச் செலவும் இதற்கு மேலே. முதலாளியிடம் முன்பணம் பெற்றே செலவிடவேண்டிய குடும்பமாயின் அக்கடன் நோவைவிட நெடுநாள் நிற்கும்.

இதற்கு எதிராக அருகில் இருப்பவற்றை நோக்குக. ஊரிலேயே அரசினர் மருத்துவமனை உண்டு. தமிழ்நாட்டு அரசு 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் சேர்க்கப்பட்டுள்ளது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில், ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ஆம் ஆண்டிற் சிறிதாகத் தொடங்கிய வேலூர் மருத்துவமனை உள்ளது. விபத்தொன்றில் முதுகெலும்பு ஊனமுற்றுச் சக்கர நாற்காலியில் அமர்ந்தே நோயாளருக்குப் பணிசெய்த மேரி வர்கீஸ் அம்மையார் முயற்சியால் 1966-இல் மறுவாழ்வு நிலையம் அமைந்ததும் அங்கேதான். இயன்முறை மருத்துவரிடம் இரண்டு மூன்று முறை சென்று பயிற்சியைப் பிழையறக் கற்றுக்கொண்டால், மீதியை வீட்டுத் திண்ணையிலே செய்யலாம்.

பயிற்சி என்றவுடன், 'நாளெல்லாம் கையும் காலும் ஆட்டுகிறவனுக்குப் பயிற்சி வேறா?' என்று நெசவாளர் நகைப்பர். நகைப்பதற்கு இடமில்லை. தறியில் ஓயாது இயங்குவன கைகளும் கால்களும்; கழுத்தும் தோட்பட்டையும் அசையாது இறுகி நிற்பன. இறுகி நிற்கும் தசைக்கு வேண்டியது அசைவும் வலிமையும். டென்மார்க்கு நாட்டில் அடிக்கடி கழுத்து நோவுறும் அலுவலகத்தார் 198 பேரைக் கொண்டு நடத்தி 2011-இல் வெளியிட்ட பரிசோதனையில், இழுபடும் இரப்பர்க் குழலைக் கைகளாற் பிடித்துத் தோளளவு உயர்த்தும் பயிற்சியை நாளொன்றுக்கு இரண்டே நிமிடம் பத்து வாரம் செய்தவர்க்கும் நோவு குறைந்தது. பன்னிரண்டு நிமிடம் செய்தவரோடு ஒப்பிடத்தக்க அளவு குறைந்தது. இரண்டு நிமிடம் என்பது ஒரு தார் மாற்றி நாடாவைச் சரிசெய்யும் நேரம். மோவாயைச் சற்றே உள்ளிழுத்துக் கழுத்தை நிமிர்த்திச் சில நொடி நிறுத்தலும், தோட்பட்டை இரண்டையும் பின்னே ஒன்றையொன்று நெருங்குமாறு இழுத்து விடுதலும் கருவி எதுவும் வேண்டாத பயிற்சிகள். அரைமணிக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, குழியினின்று எழுந்து நின்று அமர்தலையும் இவற்றோடு சேர்த்துக்கொள்க. மாதமிரண்டு செய்தபின்னரே பயன் தெரியும். மூன்றாம் நாளே கேட்பவருக்கு இது ஏமாற்றமாகவே இருக்கும்.

தறியிலும் சில திருத்தங்கள் செய்யத்தக்கன. இருக்கைப் பலகையைச் சிறிது உயர்த்தலும் தாழ்த்தலும், நெய்யும் இடத்தின்மேல் நேரே விளக்கு வைத்தலும் பெருஞ்செலவல்ல. இவை எல்லாவற்றினும் மேலாக நாம் வற்புறுத்த விரும்புவது மூக்குக்கண்ணாடி. நாற்பது வயதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது எவர்க்கும் இயல்பு. எழுத்துப் படிக்கிறவன் ஏட்டைத் தள்ளிப் பிடித்துக்கொள்கிறான். நெசவாளர் பாவைத் தள்ளிப் பிடிக்க இயலாது. மங்கலாகத் தெரியும் இழையை அடையாளங் காண அவர் உடலை வருத்தி வளைக்கின்றார். வருத்தம் முழுவதும் கழுத்திற்கே வந்து சேர்கின்றது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயது கடந்த 751 தொழிலாளரைக் கொண்டு செய்து 2018-இல் வெளியிட்ட பரிசோதனையில், கிட்டப் பார்வைக்குரிய கண்ணாடி பெற்றவர் பறித்த இலையின் அளவு, பெறாதவரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மிகுந்தது. அது கழுத்து நோவைப் பற்றிய ஆராய்ச்சியன்று. எனினும் கையால் நுண்தொழில் செய்வோர்க்குக் கண்ணாடி இன்றியமையாதது என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டா. தறிக் குழியில் அமர்ந்திருப்பவருள் எத்தனை பேர் கண்ணைச் சோதித்துக்கொண்டுள்ளனர் என்று, ஆரணியைச் சேர்ந்த மாணவர் விடுமுறையிற் செல்லும்போது தத்தம் தெருவில் எண்ணிப் பார்ப்பாராக.

இவ்வளவும் செய்து பார்த்தபின்னும் நோவு நீங்காமல், கைரோபிராக்டிக் வைத்தியரிடம் செல்லவே விரும்புவாரைத் தடுப்பதற்கில்லை. அவர் முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டி, மேற்கூறிய ஆபத்துக் குறிகள் இல்லையெனத் தெளிந்துகொள்ளல் வேண்டும். வைத்தியர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. கழுத்தைச் சடுதியாகத் திருப்பாமல் மெல்ல அசைத்தே வைத்தியம் செய்யுமாறு கேட்கலாம். இசையாதவரை விட்டு நீங்கலாம். செவி மந்தம், இரைப்பு, நீரிழிவு ஆகியவற்றையும் முதுகெலும்பைத் தட்டித் தீர்ப்பேன் என்பவரிடமும், முதல் நாளே ஓராண்டுக் கட்டணத்தை முன்பணமாகக் கேட்பவரிடமும் கழுத்தைக் கொடாதிருப்பது நலம்.

செல்லுமுன் ஒரு சிறு ஏட்டில் இரண்டு வாரக் கணக்கு எழுதிக்கொள்க: ஒவ்வொரு நாளும் தறியில் எத்தனை மணி அமர முடிந்தது, இரவில் நோவால் எத்தனை முறை விழிப்பு ஏற்பட்டது, வலிமாத்திரை எத்தனை உட்கொண்டது. 'பரவாயில்லை', 'கொஞ்சம் தேவலை' என்னும் சொற்கள் அவ்வேட்டில் வேண்டா, எண்களே வேண்டும். வைத்தியம் தொடங்கிய பின்னும் அதே கணக்கைத் தொடர்ந்து எழுதி, ஆறு முறை என்று முன்னரே எல்லை வகுத்துக்கொள்க. ஆறாம் முறைக்குப் பின்னும் தறியில் அமரும் மணி கூடவில்லையாயின், ஏழாம் முறைக்குப் பேருந்தேற வேண்டுவதில்லை.